பதில் முதல்வர்

 

பதிவு கொஞ்சம் நீளம். இப்போது நேரம் இல்லாதவர்கள் இஷாவுக்குப் பிறகு தேத்தண்ணியோடு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

போன கிழமை தரம் பத்துக்கு உள்ளூராட்சிப் பாடம். பிரதேச சபை, நகர சபை, மாநகர சபை என்று கரும்பலகையில் எழுதினேன். முதல் இரண்டும் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். விடத்தல்தீவு மாந்தை மேற்குப் பிரதேச சபைக்குள் வருகிறது. மன்னார் பட்டினத்துக்கு நகர சபை. மாநகர சபையும் மேயரும் எங்கள் மாவட்டத்தில் இல்லை. அதனால் யாழ்ப்பாணத்தை உதாரணமாக எடுத்து முதல்வர், பிரதி முதல்வர், பதில் முதல்வர் என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்தேன். பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டான்: "சேர், பதில் முதல்வர் எண்டா பதில் அதிபர் மாதிரியா?"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. நிரந்தர அதிபர் வரும்வரைக்கும் என்று சொல்லி வருடக்கணக்கில் பதில் அதிபரோடு ஓடுகிற பள்ளிக்கூடங்களைக் கண்டு வளர்ந்த பிள்ளைகள்தானே. ஓம், அதேதான் என்று சொல்லிவிட்டு அடுத்த பந்திக்குப் போயிருக்கலாம். போக முடியவில்லை. பதில் முதல்வர் என்றால் எனக்கு ஒரே ஒரு ஆளின் முகம்தான் வரும். நடராஜா ரவிராஜ். அந்தப் பெயரைக் கேட்டு வகுப்பில் 2 கைதான் உயர்ந்தது. மற்றவர்களுக்குத் தெரியாது. 2006இல் இவர்களில் யாரும் பிறக்கவில்லை என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

அன்றைக்கு 40 நிமிடத்தில் சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கதிரையின் கதை. யாழ்ப்பாணம் 1949இல் மாநகரம் ஆனது. முதல் மேயர் சாம் சபாபதி. 1950களில் எம். எம். சுல்தான் என்ற முஸ்லிம் சட்டத்தரணியும் அந்தக் கதிரையில் இருந்திருக்கிறார். தமிழர்கள் பெரும்பான்மையாக இருந்த சபை அது. இந்தப் பெயரை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்கு 9 வயது. புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களில் இருந்தோம். பக்கத்துக் கொட்டிலில் யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலிருந்து வந்த ஒரு பெரியவர். ஊரில் தையல் கடை வைத்திருந்தவர். நாங்கள் அவரை 'யாழ்ப்பாணத்து அப்பா' என்று கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், "எங்கட சுல்தான் மேயர்" என்று தொடங்கிவிடுவார். உடுத்திருந்த சாரத்தோடு நகரத்தை விட்டு வந்த மனிதர் அந்த நகரத்தின் மேயரை 'எங்கட' என்று சொல்லுவார். சின்ன வயதில் எனக்கு அது விளங்கவில்லை.

1970இல் அல்பிரட் துரையப்பா முதல்வரானார். 1960இல் சுயேச்சையாக நின்று ஜீ. ஜீ. பொன்னம்பலத்தையே தோற்கடித்து நாடாளுமன்றம் போனவர் அவர். 1975 ஜூலை 27இல் பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போன இடத்தில் சுட்டுக் கொன்றார்கள். பிரபாகரன் செய்த முதல் அரசியல் கொலை என்று பின்னாட்களில் பெருமையாக எழுதப்பட்டது இதைத்தான். துரையப்பாவின் கட்சிச் சார்பைப் பற்றி ஆயிரம் வாதம் செய்யலாம். ஆனால் சந்தையையும் மைதானத்தையும் வீதியையும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மேயரைச் சுட்டதிலிருந்துதான் அந்தக் காலம் தொடங்கியது என்பதைப் பிள்ளைகளுக்கு மறைக்க நான் தயாரில்லை.

அவருக்குப் பிறகு 1979இல் ராஜா விஸ்வநாதன் மேயரானார். 1981இல் நூலகம் எரிந்தது அவருடைய காலத்தில்தான். 1983க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மக்கள் தெரிவுசெய்த சபை என்று ஒன்று இயங்கவில்லை. ஆணையாளரும் அலுவலர்களும் கோப்புகளைப் பார்த்துக்கொண்டார்கள். 15 வருடம்! இந்தியப் படை வந்து போனது. புலிகளின் நிர்வாகம் வந்தது. 1995 ஒக்டோபர் கடைசியில் ஒரே இரவில் நகரமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. டிசம்பரில் இராணுவம் நகரத்தைப் பிடித்தது. அடுத்த வருடம் சனம் திரும்பி வந்து இடிந்த வீடுகளைக் கூட்டிக்கொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் 1998 ஜனவரி 29இல் சந்திரிகா அரசாங்கம் குடாநாட்டில் உள்ளூராட்சித் தேர்தல் வைத்தது. புலிகளுக்கு இந்தத் தேர்தல் பிடிக்கவில்லை. வாக்களிப்பும் குறைவு. வாக்காளர் இடாப்பில் இருந்த சனத்தில் பெரும்பகுதி வன்னியிலும் கொழும்பிலும் வெளிநாட்டிலும் கிடந்தது. சோனகத் தெரு ஆட்கள் புத்தளத்தில் எங்களோடு இருந்தார்கள். யாழ்ப்பாண மாநகர சபையின் 23 ஆசனங்களில் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 9. மிச்சத்தை ஈபிடிபி, புளொட், டெலோ பிரித்துக்கொண்டன. இப்போது போல உறுப்பினர்கள் கை உயர்த்தி முதல்வரைத் தெரிவுசெய்யும் முறை அப்போது இல்லை. கூடுதல் ஆசனம் எடுத்த பட்டியலிலிருந்தே முதல்வர் வருவார். அப்படி வந்தவர் சரோஜினி யோகேஸ்வரன். யாழ்ப்பாணத்தின் முதல் பெண் மேயர்.

இந்த அம்மாவைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும். இப்போதைக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நூலகத்தை எரித்த அதே நாட்களில், 1981 மே 31 இரவில் யாழ்ப்பாணம் எம்.பி. யோகேஸ்வரனின் வீட்டையும் எரித்தார்கள். எரித்தவர்கள் அரசாங்கத்தின் பொலிஸ்காரர்கள். அந்த வீட்டுக்காரி இவர். 1989 ஜூலை 13இல் கொழும்பில், பேச வருகிறோம் என்று சொல்லி வீட்டுக்குள் வந்த புலிகள் அமிர்தலிங்கத்தையும் யோகேஸ்வரனையும் சுட்டார்கள். கணவர் போனார். அதற்குப் பிறகும் இந்தப் பெண் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்து தேர்தலில் நின்றார். தேர்தல் முடிந்து 4 மாதம்கூட ஆகவில்லை. 1998 மே 17இல் வீடு தேடி வந்து சுட்டுவிட்டுப் போனார்கள். 'சங்கிலியன் படை' என்ற பெயரில் உரிமை கோரினார்கள். அது யாருடைய முகமூடி என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

அடுத்து பொன். சிவபாலன். இவரும் சட்டத்தரணி, கூட்டணியின் மூத்த ஆள். ஜூன் கடைசியில் முதல்வரானார். பழைய நகர மண்டபம் சண்டையில் அழிந்துபோனதால் மாநகர சபை அப்போது நல்லூரில் இயங்கியது. 1998 செப்டெம்பர் 11இல் அந்தக் கட்டடத்துக்குள் ஒரு கூட்டம். இராணுவ, பொலிஸ் அதிகாரிகளும் மாநகர அலுவலர்களும் இருந்தார்கள். பேசிய விடயம் நகரத்தின் போக்குவரத்து ஒழுங்கு. எந்த வீதியால் எந்த வாகனம் போகலாம் என்ற பேச்சு. அந்த அறைக்குள் குண்டு வெடித்தது. சிவபாலனும் நகரக் கட்டளை அதிகாரி பிரிகேடியர் சுசந்த மெண்டிசும் இன்னும் பலரும் செத்துப்போனார்கள்.

அந்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்து அப்பாவின் கொட்டிலில்தான் நல்ல வானொலி இருந்தது. தமிழோசை கேட்க நாலைந்து பேர் அங்கே கூடுவோம். செய்தி முடிந்ததும் அவர் வானொலியை நிப்பாட்டிவிட்டுச் சும்மா இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "இனி அந்தக் கதிரையில ஆர் மகன் இருக்கப் போறான்?" என்றார். என்னிடம் மறுமொழி இல்லை. அவரும் எதிர்பார்த்துக் கேட்கவில்லை.

இருந்தவர் ரவிராஜ்.

1962 ஜூன் 25இல் பிறந்தவர், சாவகச்சேரிக்காரர். ஊரில் டிறிபேர்க் கல்லூரியிலும் பிறகு யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரியிலும் படித்துச் சட்டத்தரணியானவர். 1998 தேர்தலில் கூட்டணிப் பட்டியலில் மாநகர சபைக்கு வந்த சாதாரண உறுப்பினர். பிரதி முதல்வரானார். முதல்வர் கதிரை வெறுமையானபோது பதில் முதல்வராக அந்தப் பொறுப்பைப் பார்த்தார். அப்போது அவருக்கு 36 வயது. 2001இல் பதில் என்ற சொல் கழன்று முதல்வரே ஆனார்.

வாழ்க்கைக் குறிப்பு எழுதுகிறவர்கள் இதை ஒற்றை வரியில் கடந்து போவார்கள்: 'யாழ். மாநகர சபையின் உறுப்பினராகவும் பிரதி முதல்வராகவும் முதல்வராகவும் இருந்தார்.' பதவி உயர்வுக் கடிதம் மாதிரி இருக்கும். அந்த வரிக்குள் இரண்டு ஜனாஸா கிடக்கிறது என்பது வாசிக்கிற பிள்ளைக்குத் தெரியாது.

சிவபாலனோடு முடிந்ததா? இல்லை. அதே வருடம் டிசம்பர் 26இல் கூட்டணியின் நல்லூர் அமைப்பாளர் பொன். மதிமுகராஜாவைக் கூட்டம் ஒன்றில் வைத்துச் சுட்டார்கள். 1999 ஜூலை 29இல் கொழும்பில் நீலன் திருச்செல்வத்தைத் தற்கொலைக் குண்டு கொண்டுபோனது. ரவிராஜ் பதில் கடமை பார்த்த காலம் இதுதான். கட்சிக்காரர்களின் மரண வீட்டுக்குப் போய்விட்டு அடுத்த நாள் காலையில் கந்தோருக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

எதற்குக் கையெழுத்து? இதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்பினேன். மாநகர சபை என்றால் குப்பை, கான், கக்கூசு, சந்தை, தெருவிளக்கு, கட்டட அனுமதி, சுகாதாரம், நூலகம். யாழ்ப்பாணம் கிணற்றுத் தண்ணியில் வாழ்கிற ஊர். சுண்ணக்கல் பூமி. மலக்குழியும் கிணறும் ஒரே வளவுக்குள் கிட்டக் கிட்ட இருக்கும். கழிவை ஒழுங்காக அள்ளாவிட்டால் அது குடிக்கிற தண்ணியில் கலந்துவிடும். அந்த வருடங்களில் ஏ9 பாதை மூடியிருந்தது. அரிசியும் மாவும் கப்பலில் வர வேண்டும். இரவில் ஊரடங்கு. கோட்டையைச் சுற்றி உயர் பாதுகாப்பு வலயம். ஒரு வீதியைத் திருத்துவதென்றாலும் அந்த வீதி யாருடைய கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பதில் முதல்வரின் மேசைக்கு வந்தவை இவைதான். ஈழமும் சமஷ்டியும் அந்த மேசைக்கு வரவில்லை.

இராணுவத்தின் நிழலில் நடந்த சபை அது, அதில் போய் இருந்ததே பிழை என்று சொல்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அந்த வாதத்தை நான் தூக்கி எறியவில்லை. நகரத்தின் வாசலில் செம்மணி இருந்தது. 1998 ஜூலையில் ஒரு இராணுவக் கோப்ரல் நீதிமன்றத்தில் நின்று, அங்கே நூற்றுக்கணக்கில் புதைத்திருக்கிறோம் என்று சொன்னார். அடுத்த வருடம் தோண்டி 15 உடல்களை எடுத்தார்கள். அப்படியான படையின் அதிகாரிகளோடு ஒரே மேசையில் இருந்து போக்குவரத்துப் பற்றிப் பேசுவது எவ்வளவு கசப்பு என்று விளங்குகிறது. வாக்களிப்பும் குறைவுதான், 23 பேரும் முழு நகரத்தின் பிரதிநிதிகள் என்று சொல்ல முடியாதுதான்.

ஆனால் நான் முகாமில் வளர்ந்தவன். எங்கள் கொட்டில்களுக்குத் தண்ணி யார் தருவது, குப்பையை யார் அள்ளுவது, மழைக்கு நிரம்பிய குழியை யார் துப்பரவு செய்வது என்று கேட்டால் ஒவ்வொரு கந்தோரும் அடுத்த கந்தோரைக் கையால் காட்டும். நீங்கள் இந்த ஊர் ஆட்கள் இல்லையே என்பார்கள். வயிற்றோட்டம் வந்து பிள்ளைகள் விழும்போதும் அதே கதைதான். என் வாப்பா ஒரு கடதாசியை வைத்துக்கொண்டு எத்தனை படி ஏறினார் என்று எனக்குத் தெரியும். ஒரு சனத்துக்கு, இது என் பொறுப்பு என்று சொல்லிக் கையெழுத்துப் போட ஒரு ஆள் இல்லாமல் போவது என்ன என்பதை அனுபவித்தவர்களால் "சபை இல்லாவிட்டால் என்ன" என்று லேசாகச் சொல்ல முடியாது. அதனால் ரவிராஜ் அந்தக் கதிரையில் இருந்தது சரி என்பது என் கருத்து. மாற்றுக் கருத்துள்ளவர்கள் கீழே எழுதுங்கள், மரியாதையாக.

இடையில் ஒரு சின்ன ஒப்பீடு. பதில் மேயர் என்ற பதவி உலகத்தில் எங்கேயும் இருப்பதுதான். 2002இல் சென்னையில் ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு பதவியில் இருக்கக்கூடாது என்று சட்டம் வந்து மேயர் ஸ்டாலின் போக வேண்டி வந்தபோது, துணை மேயர் கராத்தே தியாகராஜன் பொறுப்பு மேயரானார். சண்டை முழுக்க நீதிமன்றத்திலும் பத்திரிகையிலும் நடந்தது. ஒரு உயிரும் போகவில்லை. 1978 நவம்பர் 27இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் மேயர் ஜோர்ஜ் மொஸ்கோனியையும் சபை உறுப்பினர் ஹார்வி மில்க்கையும் நகர மண்டபத்துக்குள்ளேயே சுட்டார்கள். சுட்டவர் முன்னாள் சபை உறுப்பினர். சபைத் தலைவராக இருந்த டயான் பைன்ஸ்டைன் அன்றே பதில் மேயரானார். பிறகு முழு மேயரானார், செனட்டரானார், 2023இல் 90 வயதில் காலமாகும்போதும் செனட்டராகவே இருந்தார். ரவிராஜுக்குக் கிடைத்த வயது 44.

2000ஆம் ஆண்டு ஏப்ரல் 22இல் ஆனையிறவு முகாம் விழுந்தது. சண்டை சாவகச்சேரிக்கு வந்தது. மே மாதத்தில் புலிகள் பிடித்தார்கள், செப்டெம்பரில் இராணுவம் திரும்பப் பிடித்தது. இடையில் இருதரப்பு ஷெல்லிலும் அந்தப் பட்டினம் தரைமட்டம். யாழ்ப்பாண நகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதரின் சொந்த ஊர் அது.

2001 ஒக்டோபரில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உருவானது. டிசம்பர் 5 பொதுத் தேர்தலில் ரவிராஜ் யாழ்ப்பாணத்திலிருந்து நாடாளுமன்றம் போனார். 2002 பெப்ரவரியில் யுத்த நிறுத்தம், ஏப்ரலில் ஏ9 திறப்பு. அவர் விட்டுப்போன முதல்வர் கதிரைக்குச் செல்லன் கந்தையா வந்தார். ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்த முதிய மனிதர். அவர் தலைமையில், திருத்திக் கட்டிய யாழ். நூலகத்தை 2003 பெப்ரவரி 14இல் திறக்க எல்லாம் ஆயத்தம். புலிகள் விடவில்லை. சபை உறுப்பினர்கள் கூட்டாக இராஜினாமாச் செய்தார்கள். சாதி காரணமா, அரசியல் காரணமா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. இரண்டும் என்பது என் எண்ணம். ஒரு ஆசிரியனாக எனக்குத் தெரிவது, எரித்து 22 வருடமான நூலகம் கட்டி முடிந்தும் பூட்டிக் கிடந்தது என்பதுதான்.

அந்தத் தேதியில் மேயராக ரவிராஜ் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? யாழ்ப்பாணத்து நண்பர்களிடம் பல முறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். அவரும் கூட்டமைப்பில் இருந்தார், அந்தக் கூட்டமைப்பு 2004 தேர்தலுக்குப் புலிகளை ஏகப் பிரதிநிதிகள் என்று ஏற்றுக்கொண்டுதான் போனது. சரோஜினியையும் சிவபாலனையும் கொன்றவர்கள் யார் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அதை விழுங்கிக்கொண்டு அதே மேடையில் நின்றார். இது எனக்கு நெருடுகிற இடம். ஒரு முஸ்லிமாக, எங்களை வெளியேற்றியதைப் பற்றிக் கூட்டமைப்பின் எம்.பி.மார் அந்த நாட்களில் இன்னும் உரத்துப் பேசியிருக்க வேண்டும் என்ற குறையும் எனக்கு உண்டு. நல்ல மனிதர் என்பதற்காக இதைச் சொல்லாமல் விட்டால் அது வரலாறு ஆகாது, கந்தூரிப் பேச்சு ஆகிவிடும்.

இன்னொரு பக்கமும் உண்டு. தென்பகுதியில் சிங்களத்தில் சரளமாகப் பேசக்கூடிய தமிழ் எம்.பி.மார் அன்றைக்கு மிகக் குறைவு. ரவிராஜ் சிங்கள ஊடகங்களுக்குப் போய், சிங்கள மக்களின் மொழியிலேயே தமிழனின் பிரச்சினையைச் சொன்னார். 2006இல் கொழும்பில் வெள்ளை வேன்கள் ஓடத் தொடங்கியபோது மனோ கணேசனோடு சேர்ந்து மக்கள் கண்காணிப்புக் குழுவை அமைத்து, கடத்தப்பட்டவர்களின் பெயர்களைத் திரட்டினார். காணாமல்போனவர்களின் தாய்மார் வந்து அழுவதற்கு ஒரு இடம் இருந்தது. இங்கேயும் அதே வேலைதான் என்று எனக்குப் படுகிறது. கந்தோருக்கு வந்த சனத்தின் கடதாசியை வாங்கி, பெயரை எழுதி, பொறுப்பு எடுப்பது.

2006 நவம்பர் 8இல் கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சமிருந்த சனத்தின் மேல் ஷெல் விழுந்தது. அடுத்த நாள் கொழும்பில் ஐ.நா. அலுவலகத்துக்கு முன்னால் ஆர்ப்பாட்டம். ரவிராஜ் அதில் நின்றார். நவம்பர் 10 காலை, நாரஹேன்பிட்டியில் வீட்டிலிருந்து வாகனத்தை எடுத்துக்கொண்டு வீதிக்கு வந்தபோது மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் சுட்டார்கள். அவரோடு அவருடைய பாதுகாப்புக்கு இருந்த பொலிஸ்காரரும் இறந்தார். அவர் சிங்களவர். ரவிராஜைப் பற்றிப் பேசுகிறவர்களில் பாதிப்பேர் அந்தப் பொலிஸ்காரரைச் சொல்வதில்லை. எனக்கு அது மனத்தாங்கல்.

ஏ9 ஓகஸ்டிலேயே மீண்டும் மூடிவிட்டது. உடலை ஆகாய மார்க்கமாக யாழ்ப்பாணம் கொண்டுபோய்ச் சாவகச்சேரியில் இறுதிக் கிரியை செய்தார்கள். புலிகள் அவருக்கு 'மாமனிதர்' பட்டம் கொடுத்தார்கள். அவருக்கு முன்னால் அதே கதிரையில் இருந்த இருவருக்கு அவர்களிடமிருந்து கிடைத்தது என்ன என்பதை மேலே எழுதிவிட்டேன். இந்த இடத்தை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முன் வாங்கில் இருந்த மகள் ஒருத்தி, "அப்ப அவர் ஆற்ற ஆள் சேர்?" என்று கேட்டாள். மாநகர சபையின் ஆள் என்று சொன்னேன். பகிடிக்குச் சொல்லவில்லை.

கொலை வழக்கு 10 வருடம் இழுத்தது. கடற்படைப் புலனாய்வைச் சேர்ந்தவர்களும் குற்றஞ்சாட்டப்பட்டோரில் இருந்தார்கள். முழுக்கச் சிங்கள ஜூரிகள். 2016 டிசம்பர் 24, நள்ளிரவு தாண்டித் தீர்ப்பு வந்தது. எல்லோரும் விடுதலை. 1998இல் நடந்த இரண்டு கொலைகளுக்கும் இந்தளவுக்குக்கூட ஒரு வழக்கு போனதாக நான் அறியவில்லை.

இப்போது எங்கள் ஊரிலிருந்து யாழ்ப்பாணம் கிட்ட. பள்ளமடுச் சந்தியில் ஏ32 பஸ் ஏறினால் இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம், பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம், பிறகு நாவற்குழி. 2011இல் பாலம் திறந்த பிறகு எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஒரு முறை நாவற்குழியால் வலப்பக்கம் திரும்பிச் சாவகச்சேரிக்கும் போனேன். அவருடைய சிலை அங்கே இருக்கிறது. யாழ்ப்பாணத்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு சோனகத் தெருவுக்கும் ஒரு முறை போக வேண்டும் என்று நினைத்திருந்தேன். அவர் புத்தளத்திலேயே மவுத்தாகிவிட்டார். அல்லாஹ் அவருக்கு மறுமையில் நல்ல இடத்தைக் கொடுக்கட்டும்.

அடுத்த பாடத்துக்குப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். 1949 முதல் இன்றுவரை யாழ்ப்பாண மேயர்களின் பெயர்களை ஆண்டோடு எழுதி வரச் சொன்னேன். ஒரு பிள்ளை இப்போதே வந்து கேட்டுவிட்டான், 1983க்கும் 1998க்கும் இடையில் என்ன எழுதுவது என்று. வெறுமையாக விடு என்றேன்.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு உதவி. 1998 முதல் 2001 வரை மாநகர சபையில் வேலை செய்தவர்கள், அல்லது ஏதாவது ஒரு கடதாசியோடு பதில் முதல்வர் ரவிராஜிடம் போனவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். பெரிய விடயமாக இருக்கத் தேவையில்லை. ஒரு கான், ஒரு தெருவிளக்கு, ஒரு சந்தைக் கடை அனுமதி என்றாலும் போதும். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவேன்.